தோவாளையிலிருந்து வடபழனிக்கு ஒரு ஜோடி பிச்சி மாலை

காலை ஒன்பதே முக்காலுக்கு, தோவாளையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கார் புறப்பட்டது. பின் இருக்கையில் நான். என் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி. ஒன்றேமுக்கால் அடி நீளம், ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம். விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் அளவு அதுதான் என்பதால், பெட்டியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகுதான் மாலையைக் கட்டினார்கள். அடியில் வாழையிலை, அதன்மேல் ஈரத்துணி, அதற்குள் ஒரு ஜோடி கல்யாண மாலை. அன்று சாயங்காலம் ஆறரை மணிக்குச் சென்னை வடபழனியில் ஒரு மண்டபத்தில், வரவேற்பு மேடையில் நிற்கும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அது போய்ச் சேர வேண்டும். 2012, ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை.

தோவாளைப் பூச்சந்தை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். விடியுமுன் பறித்த பிச்சி மொட்டு அன்று பொழுதடையும்போது விரியும். மறுநாள் அதன் ஓரம் பழுத்துவிடும். ஐஸ் வைத்தால் மொட்டு விரியாமல் கிடக்கும், ஆனால் ஐஸிலிருந்து வெளியே எடுத்த பூவுக்கு ஆயுள் குறைவு. ஆகவே எங்கள் தெருவில் ஊர்களின் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. திருவனந்தபுரம் ஐஸ் வேண்டாத ஊர். எர்ணாகுளம் அரைக் கட்டி. கோயம்புத்தூர் ஒரு கட்டி. சென்னை இரண்டு கட்டி. பம்பாய்க்குக் கட்டின மாலை போகாது, உதிரிப்பூதான் போகும்.

பகவதி அக்கா எங்களுக்கு அடுத்த தெருவில் பிறந்து, சென்னைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். மகள் ரேவதிக்குக் கல்யாணம். காலை முகூர்த்த மாலை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, முந்தின நாள் வரவேற்பு மாலை பெண் வீட்டார் பொறுப்பு. மாலை கட்டி விற்கும் என் அப்பாவிடம் அவர் போனில் கேட்டது இதுதான்: "அன்னைக்குப் பறிச்ச பிச்சியாட்டு இருக்கணும். கழுத்துல கெடக்கும்போது விரியணும். இங்க ரயில்ல வாற பூ எல்லாம் முழிச்சி முழிச்சிப் பாக்கும், விரியாது. செய்வியளா அண்ணாச்சி?"

சந்தையில் இரண்டு பெரிய வியாபாரிகள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் முடியாது என்றுதான் சொன்னார். நான்தான் இணையத்தில் பார்த்தேன். திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே விமானத் தூரம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர், பயண நேரம் ஒன்றேகால் மணி என்று இருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.காம். முடித்து வடசேரியில் ஒரு கணினிக் கடையில் பில் போடுகிறேன். கணினியில் பார்த்துச் சொன்னால் வீட்டில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

"ஒன்னேகால் மணி நேரமா?" என்றார் அப்பா. "அது நாகர்கோவில்லேர்ந்து மார்த்தாண்டம் போற நேரம்லா?"

"ஆமா."

"மார்த்தாண்டத்துக்கு நாம ஐஸ் வைக்கது இல்லியே."

அப்படித்தான் முடிவாயிற்று. ஏரோப்பிளேனுக்கு ஒரு மரியாதைக்காக, கைக்குட்டை அளவில் ஒரே ஒரு ஐஸ் பொட்டலம் வைத்தார்கள். நாங்கள் ஐஸ் வைத்தது விமானத்துக்கு மட்டும்தான் என்பதும், விமானத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வழிக்கு யாருமே ஐஸ் வைக்கவில்லை என்பதும் அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கார் கிளம்பும்போது அப்பா கண்ணாடி வழியாகச் சொன்னார்: "பூ வாடிட்டுன்னா பணத்தத் திருப்பிக் குடுத்திரலாம். ஒரு பிள்ள மால இல்லாம மேடையில நின்னுட்டான்னா, அத எத வச்சித் திருப்புவ? பாத்துப் போ."

ஓட்டுநர் சுகுமாரன் அண்ணன் தக்கலைக்காரர். விமான நிலையம் வரை எண்பது கிலோமீட்டர், வாடகை 1,700 ரூபாய். இருபது வருஷமாக வளைகுடாவுக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்குகிறார். எங்கள் மாவட்டத்தில் ஒருவர் விமானம் ஏறப் போனால் வேனில் பதினைந்து பேர் வழியனுப்பப் போவது வழக்கம். பார்வதிபுரம் தாண்டியும் அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஒத்தையாட்டுப் போறியே மக்கா. வீட்டுல எல்லாருக்கும் சொகந்தானா?"

"சொகந்தான். சென்னைக்குத்தானே அண்ணே. மாலையக் குடுத்துட்டு நாளைக்கே வந்திருவேன்."

"எங்க போனா என்ன? நாலு பேரு வந்து அழுதாத்தான் அது ஏர்போர்ட்டு. இல்லேன்னா பஸ் ஸ்டாண்டுல்லா."

வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம். சாலை குறுகல். ரப்பர் மரத்தடி ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் ஆறு கிலோமீட்டர் ஊர்ந்தோம். மார்த்தாண்டம் மேம்பாலம் அப்போது இல்லை. சந்தை நாள் வேறு. கூடைகளும் வாழைத்தார்களும் சாலைக்குள்ளேயே இருந்தன. மாநில எல்லையான களியக்காவிளையை அடைந்தபோது மணி பதினொன்றரை. நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான் வந்திருந்தோம், ஐம்பதுகூட ஆகவில்லை, அதற்குள் 'மார்த்தாண்டத்து நேரம்' முழுவதையும் செலவழித்திருந்தோம்.

களியக்காவிளையில் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன. கேரளத்தில் ஹர்த்தால், முழு அடைப்பு. காலையில்தான் அறிவித்தார்களாம். எதற்காக என்று சாயாக்கடையில் கேட்டேன். பெட்ரோல் விலை என்றார் ஒருவர். யாரையோ கைது செய்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கடைக்காரர் மட்டும், "எதுக்கானாலும் ஆறு மணிக்குத் தீரும். சாயா எடுக்கட்டா?" என்றார்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விமான நிலையம் அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன் ஹர்த்தால் உண்டா என்று விசாரிப்பது இங்கே பழக்கம். முதல் தடவை போகிறவன் ஆதலால் நான் விசாரிக்கவில்லை. முந்தின நாள் விசாரித்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"ஏர்போர்ட்டு வண்டிய விடுவான்" என்றார் சுகுமாரன் அண்ணன். ஒரு தாளில் ஆங்கிலத்தில் 'ஏர்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். பாறசாலை வரை அந்தத் தாள் செல்லுபடியானது. அமரவிளைக்குச் சற்று முன்னால் செல்லுபடியாகவில்லை.

சாலையின் குறுக்கே ஒரு பள்ளிக்கூட பெஞ்சு. ஏழெட்டுப் பேர். நீலக் கைலி கட்டிய ஒருவர் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். எல்லைப்புறம் ஆகையால் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு.

"எவிடேக்கு?"

"ஏர்போர்ட்டு" என்றார் அண்ணன்.

"பெட்டி எங்க?"

என் பக்கத்தில் இருந்த அட்டைப் பெட்டியைக் காட்டினேன். அவர் காரின் பின்புறம் போய் டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஸ்டெப்னி டயர் மட்டும் இருந்தது.

"பெட்டி இல்லாம எந்த மனுசன் பிளேன் கேறுவான்?"

டிக்கெட் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இத ஆரும் கடையில போயி அடிச்சிக்கிடலாம். காலம்பற ஒருத்தன் இதே மாதிரி கடலாசுத் தாளக் காட்டிட்டு வாழைக்கொலை ஏத்திக்கிட்டுப் போனான். பெட்டியத் தொற."

திறந்தேன்.

"பூவா? அப்பம் கச்சவடம்." கச்சவடம் என்றால் வியாபாரம். வியாபார வண்டிக்கு அன்று அனுமதி இல்லை.

சுகுமாரன் அண்ணன் அவசரப்பட்டார். ஹர்த்தாலில் ஆஸ்பத்திரி வண்டியையும் சாவு வண்டியையும் கல்யாண வண்டியையும் விடுவது வழக்கம். "கச்சவடம் இல்ல. கல்யாண வண்டியாக்கும்" என்றார்.

"கல்யாணம்னா மாப்பிள்ளை எங்க?"

அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பின்னால் காட்டினார். "இதாக்கும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டம் போட்ட சட்டை, ரப்பர் செருப்பு. பெஞ்சில் இருந்த ஒருவர், "பாவம், செருக்கன் பயலப் பிடிச்சுக் கெட்டி வைக்காங்க போல" என்றார். சிரித்தார்கள். நீலக் கைலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி. மாப்பிள்ளைன்னா அந்த மாலையக் கழுத்துல போடு. இப்பமே விடுதேன்."

அண்ணன் தலையைத் திருப்பிக் குரலைத் தாழ்த்தினார். "போடு மக்கா. ஒரு நிமிசம். பாலம் தாண்டினதும் கழத்தி உள்ள வச்சிரு. ஆரு பாக்கப் போறா?"

யாரும் பார்க்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு கழுத்தில் விழுந்த மாலை அந்தக் கழுத்தோடு தீர்ந்தது. எங்கள் கடையில் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டால்கூட, அந்த மாலையைப் பிரித்து உதிரியாக்கித்தான் விற்போம். இன்னொருவர் கல்யாணத்துக்குக் கொடுக்க மாட்டோம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. எச்சில் தட்டில் சாப்பிடக் கூடாது என்பதைப் போல அது தெரிந்திருந்தது. ஆனால் போடாவிட்டால் விமானம் போய்விடும். விமானம் போனால் ரேவதி என்ற ஒரு பெண், நான் பார்த்தே இராத ஒரு பெண், வெறுங்கழுத்தோடு மேடையில் நிற்பாள்.

"போட முடியாது" என்றேன். "போட்டா இது எனக்க மாலை ஆயிரும். அங்க நிக்கிற ஆளுக்கு ஆகாது. நான் மாப்பிள்ளை இல்ல. மாலை கெட்டுற வீட்டு ஆளு."

அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்பம் இவ்வளவு நேரம் சொன்னது பொய்" என்றார் நீலக் கைலிக்காரர்.

"பொய் சொன்னது அண்ணன். நான் ஒன்னும் சொல்லல்லியே."

"நல்லா இருப்ப" என்றார் அண்ணன் என்னைப் பார்த்து.

காரை ஓரம்கட்டச் சொன்னார்கள். நிழல் இல்லை. பெட்டியின் ஒரு மூலையிலிருந்து சீட்டில் நீர் சொட்டத் தொடங்கியது. மரியாதைக்கு வைத்த ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மொட்டுகள் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தன. வெளிப்புறத்தின் ரோஸ் நிறம் மட்டும் சற்றே வெளுத்திருந்தது. விமானம் இரண்டு பத்துக்கு. முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள்.

அரைமணி நேரம் கழித்து அவர் மீண்டும் வந்தார்.

"போடுறியா?"

"இல்ல."

"பிளேன் போயிரும்."

"போட்டும்."

சொட்டும் மூலையை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தேன். அவர் குனிந்து பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னார்: "கள்ளம் பறையிறவன்னா மொதல்லயே போட்டிருப்பான். இது கல்யாணப் பூதான். பெஞ்ச மாத்து."

பெஞ்சை இருவர் தூக்கினார்கள். கார் நகரும்போது அவர் கூடவே நடந்து வந்து கேட்டார்: "ஜோடி என்ன விலை?"

"நாலாயிரத்து ஐந்நூறு."

"கூடுதலாக்கும். மாசியில எனக்க தங்கச்சிக்குக் கல்யாணம். நம்பரு சொல்லு."

சொன்னேன். நெய்யாற்றின்கரையில் சுகுமாரன் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்புறம், "ஹர்த்தால்ல ஆர்டர் பிடிச்ச மொதல் ஆளு நீயாத்தான் இருப்ப" என்றார். அதன்பின் வண்டி பறந்தது. காலியான சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிடத்தில் கடந்தோம். மறித்தவர்கள் விட்டபிறகு ஹர்த்தால் ஒரு வசதிதான்.

உள்நாட்டு விமான நிலையம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டி இருந்தது. கவுண்டர் பெண் என்னைப் பார்த்து, பின் கடிகாரத்தைப் பார்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பாதுகாப்புச் சோதனையில் பெட்டி எந்திரத்துக்குள் போனது. திரையில் இரண்டு மாலையும் சுருண்டு கிடந்த விதம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. திறக்கச் சொன்னார்கள். பாம்பு இல்லை என்று தெரிந்ததும் ஐஸ் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார் ஒரு வட நாட்டு வீரர். பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் உள்ளே போகக்கூடாது. குப்பைக் கூடையில் போட்டார். ஈரத்துணியையும் பிழிந்துவிட்டு வரச் சொன்னார். பிழிந்தேன். அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண் காவலர் குனிந்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு, போகச் சொல்லிக் கையசைத்தார்.

விமானம் இரண்டரைக்குக் கிளம்பியது. டிக்கெட் 3,640 ரூபாய். பகவதி அக்கா கொடுத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. தலைக்கு மேலுள்ள அறையில் படுக்கையாக வைத்துவிட்டு, அதன் நேர் கீழே உட்கார்ந்தேன். பக்கத்தில் கொல்லத்துக்காரர் ஒருவர், மருந்துக் கம்பெனியில் வேலை. மாதம் நாலு தடவை இந்த வழியில் போய் வருகிறாராம்.

"முதல் தடவையா?"

"ஆமா."

"ஒன்னும் இல்ல. ஏறுவது தெரியும், இறங்குவது தெரியும். நடுவில் ஒரு சாண்ட்விச்."

அவர் சொன்னது சரிதான். கீழே முதலில் கடல், பிறகு தென்னை, பிறகு மலை, அதற்கு மேல் மேகம். எந்த ஊருக்கு மேல் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குளம் தெரிந்தது. அவ்வளவுதான். எண்பது கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஆன நாளில், 620 கிலோமீட்டர் அப்படிப் போயிற்று.

பாதி வழியில் மணம் வந்தது. பிச்சி விரிவதற்கு முன்பே மணக்கத் தொடங்கும். முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி தலையை உயர்த்தி இரு பக்கமும் பார்த்தார். கொல்லத்துக்காரர், "யாரோ சென்ட் பாட்டிலை உடைத்துவிட்டார்கள்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றேகால். இரண்டு மணி நேரம் முன்பாகவே வேலை தொடங்கிவிட்டது. விமானம் முழுக்க மணந்தது. ரசிக்க முடியாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றே முக்காலுக்குச் சென்னை. வெளியே வரும்போது நாலு பத்து. மேகம் மூடிக்கிடந்த புழுக்கம். முன்பணம் கட்டும் டாக்ஸியில் வடபழனிக்கு 380 ரூபாய். ஏசி போட்டால் ஐம்பது கூட.

"போடுங்க" என்றேன். "எவ்வளவு குளிர்ச்சி வைக்க முடியுமோ அவ்வளவு வைங்க."

"சார் எந்த ஊரு? காஷ்மீரா?" என்றார் ஓட்டுநர். பெட்டியைத் திறந்து ஏசி காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்தார். "மாலையா? நம்ம கோயம்பேட்டுல இல்லாத மாலையா சார்? லாரி லாரியா கெடக்கு."

"இருக்கும்."

"பின்ன இன்னாத்துக்கு?"

பெட்டியின் மறுபக்கத்தைக் காற்றுக்குத் திருப்பினேன்.

கிண்டியில் மழை பிடித்தது. நூறடி சாலையில் மெட்ரோ வேலை. சாலையின் பாதியைத் தகரம் அடைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் சென்னை முழுவதும் நின்றது. விமான நிலையத்திலிருந்து வடபழனி பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஐந்தரைக்கு நாங்கள் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் நின்றோம். ஆறு மணிக்கு அசோக் பில்லரைப் பார்த்தோம். பார்த்தபடியே நின்றோம்.

பகவதி அக்கா போன் செய்தார். "எங்க நிக்க மக்கா?"

"அசோக் பில்லர்க்கா."

"பூ?"

"வாய் தொறக்கப் பாக்கு."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைக்க மாமா கோயம்பேட்டு மாலை ரெண்டு வாங்கி ஆணியில தொங்க விட்டாச்சு. ஆறரைக்குப் பொண்ணு மேடைக்கு வரணும்னு சொல்லிட்டாவ. நான் எம்புட்டு நேரம் பிடிச்சி நிப்பாட்ட?"

ஓட்டுநர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எறங்கி நடந்துடு சார். ரெண்டு கிலோமீட்டர் கூட இல்ல. நான் வர எட்டு மணி ஆவும்." முன் சீட்டில் விரித்திருந்த பிளாஸ்டிக் உறையை உருவிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன். "அட போ சார், பொண்ணு நிக்குது" என்றார்.

பெட்டியைத் தலையில் வைத்து, மேலே பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். பிற்பாடு ஓடினேன். முழங்கால் வரை மழைத் தண்ணீர். அதில் ஒரு செருப்பு போயிற்று. மற்றதை நானே விட்டுவிட்டேன். அட்டைப்பெட்டி ஊறித் தொய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்து, தொப்பி மாதிரி என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டது. மேடையில் மாப்பிள்ளை மட்டும் நின்றார். பெண் இல்லை. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண் என் காலையும் தலையையும் பார்த்துவிட்டுப் பின்பக்க வழியைக் காட்டினாள். அங்கே ஓர் அறைக் கதவை யாரோ வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பகவதி அக்கா தரையில் மண்டியிட்டு மகளின் சேலை மடிப்பைப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது நாலாவது தடவை" என்று ரேவதி சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு தடவை மடிச்சா சேலை கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா வேற உடுத்தலாம்டீ. கொஞ்சம் நில்லு."

என்னைப் பார்த்ததும் அக்கா மடிப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே பிரிந்தது. வாழையிலையை விலக்கினார். மொட்டுகளில் ஏறக்குறைய கால்வாசி நுனி விரிந்து, உள்ளே இருக்கும் வெள்ளை தெரிந்தது. மீதி அப்போதுதான் நெகிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு மொட்டும் பழுத்திருக்கவில்லை. அக்கா மாலையைத் தூக்கி, ஒரு தடவை மெதுவாக உதறினார். இரண்டு இதழ் விழுந்தது. நான் அதை எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மடிப்பு சரியா இருக்கு. வா" என்றார் மகளிடம்.

நான் மண்டபத்தின் கடைசி வரிசையில், ஈரக் கால்களை நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் வீட்டில் பிறந்தவன் ஆனாலும், நாங்கள் கட்டிய மாலை ஒருவர் கழுத்தில் விழுவதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எங்கள் கண்ணுக்கு மாலை என்பது பெட்டியோடு போகிற பொருள். மாற்றிக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள். மேடை விளக்குகளின் சூட்டில் பத்து நிமிடத்துக்குள் மொத்தமும் விரிந்துவிட்டது. ரோஸ் நிறமாக ஏறிய மாலை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாயிற்று. முதல் வரிசையில் இருந்தவர்கள் அதைக் கவனித்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் மாமா தம் கோயம்பேட்டு மாலைகளை ஆணியில் இருந்து எடுத்து, அங்கிருந்த பிள்ளையார் படத்துக்குப் போட்டார்.

பிறகு படம் எடுப்பவர் கையைக் காட்டினார். மாலை நகையை மறைக்கிறதாம். இருவரும் கழற்றினார்கள். ஓர் உறவினர் வாங்கி மேடை நாற்காலியின் முதுகில் மாட்டினார். அதற்குமேல் அது அங்கேயே கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். கழுத்தில் இருந்தது இருபது நிமிடம்.

பந்தியில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, "பாயசம் இன்னொரு தடவை வாங்கு" என்றார். அவர் கொண்டையில் ஒரு சரம் பிச்சி இருந்தது. நாற்காலியில் கிடந்த மாலையின் குஞ்சத்திலிருந்து பிரித்ததுதான் அது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "சும்மா கெடக்குல்லா" என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "மாலை போட்டாச்சு." "சரி" என்று வைத்துவிட்டார். போன் என்பது சேதிக்கு மட்டும் என்பது அவர் கொள்கை.

கோயம்பேட்டில் அரசு விரைவுப் பேருந்து, நாகர்கோவிலுக்கு 480 ரூபாய். திரும்பிவர விமானத்துக்கு யாரும் பணம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி. பதினாலு மணி நேரம். கையில் சுமை இல்லாததால் யோசிக்க முடிந்தது. விமானத்தில் என்னை யாரும் மறிக்கவில்லை. பெட்டியில் என்ன, எங்கே போகிறாய், எதற்காக இத்தனை பாடு என்று கேட்கவில்லை. தரையில் சில கிலோமீட்டருக்கு ஒருவராவது கேட்டார். அமரவிளையில் கேட்டவர், சோதனையில் கேட்டவர், டாக்ஸியில் கேட்டவர். ஆகாயத்தில் தூரம் குறைவாக இருப்பதற்கு விமானத்தின் வேகம் பாதிக் காரணம்தான் என்று தோன்றியது. மீதிப் பாதி, அங்கே மனிதர்கள் இல்லை. மனிதர்கள் இருக்கும் இடத்தில் தூரம் கூடத்தான் செய்யும். அதில் தவறொன்றும் எனக்குத் தெரியவில்லை. பெஞ்சைத் தூக்கியவர்களும் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தவரும் அந்தத் தூரத்தில்தான் இருந்தார்கள்.

மறுநாள் முற்பகல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் பேருந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. காற்றாலைகள் எல்லாம் வேலையில் இருந்தன. தோவாளையில் இறங்கி வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன்.

அப்பா வேறொரு மாலைக்குச் சம்பங்கி கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அந்தப் பிள்ள மாலையோட நின்னாளா?"

"நின்னா."

"பூ?"

"கழுத்துல கெடக்கும்போதுதான் விரிஞ்சிது. எல்லாரும் பாத்தாவ."

ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார். "எம்புட்டு நேரம் போட்டிருந்தா?"

ஒரு மணி நேரம் என்று சொல்லலாமா என்று பேருந்தில் யோசித்திருந்தேன். "இருபது நிமிசம்" என்றேன்.

அப்பாவின் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"இருபது நிமிசமா? மத்த ஊருல அஞ்சு நிமிசத்துல கழத்தி வீசிருவாளுவ." மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார். "தோவாளைக்காரிக்க மவள்லா."